விண்வெளியில் உடம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பரிலிருந்து ஆளில்லாத நாளே கிடையாது. வழக்கமாக ஏழு பேர், ஆளுக்கு ஏறத்தாழ ஆறு மாதம். அங்கே சாப்பிடுவது, தூங்குவது, குளிப்பது, ‘போவது’ பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள். வேறு கலத்தின் பெயரைச் சொல்லாத இடங்களில் இந்த நிலையத்தைப் பற்றித்தான் பேசுகிறோம்.

மேலே ஈர்ப்பு விசை இல்லாததால்தானே மிதக்கிறார்கள்?

இல்லை. நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு தரையில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள். மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதால் பூமியில் வந்து மோதாமல் அதைச் சுற்றியே விழுகிறார்கள். காலுக்கடியில் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை என்பதால் எடை தெரிவதில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. தண்ணீர் கீழே ஓடுவது, சூடான காற்று மேலே போவது, வயிற்றில் காற்றும் உணவும் பிரிந்து நிற்பது எல்லாமே எடையால் நடப்பவை. எடை போனால் இத்தனையும் போகும். அந்த வேலையை எல்லாம் அங்கே காற்றாடிகள்தான் செய்கின்றன. கீழே வரும் பதில்களில் பாதி, சுற்றி வளைத்துக் காற்றாடியில்தான் வந்து நிற்கும்.

கழிவறை எப்படி வேலை செய்கிறது?

தண்ணீர் ஊற்றும் கழிவறை இல்லை. காற்று இழுக்கும் கழிவறை. சிறுநீருக்கும் மலத்துக்கும் தனித்தனி வழி.

சிறுநீருக்கு ஒரு குழாய், அதன் முனையில் புனல். புனல் ஆளுக்கு ஒன்று, சொந்தமாக. முதலில் உறிஞ்சும் காற்று ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஓடாமல் தொடங்கினால் திரவம் புனலின் விளிம்பிலும் தோலிலும் ஒட்டி உருண்டையாகத் திரளும். காற்றோடு கலந்து உள்ளே போகும் சிறுநீர் சுழலும் ஓர் உருளைக்குள் போய்ச் சேருகிறது. சுழற்சியில் திரவம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுப் பிரிகிறது. காற்று வாடை நீக்கும் வடிகட்டி வழியாக அறைக்கே திரும்புகிறது. வழியிலேயே சிறுநீரில் ஓர் அமிலக் கலவை சேர்க்கப்படும். கிருமி வளர்ந்து அம்மோனியா உண்டாகாமல் இருக்கவும், குழாயில் உப்பு படியாமல் இருக்கவும் அது தேவை.

மலத்துக்கு உட்காரும் இடம் நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது. ஒவ்வொரு முறையும் துளைகள் உள்ள ஒரு பையை விளிம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். காற்று துளை வழியாகப் போகும், மற்றது பையில் நிற்கும். முடிந்ததும் துடைத்த தாள், ஈரத்துணி எல்லாவற்றையும் அதிலேயே போட்டுக் கட்டி, அடியில் உள்ள கலனுக்குள் தள்ள வேண்டும். பிறகு அடுத்தவருக்காகப் புதுப் பை மாட்டிவிட்டு வர வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறப்பவருக்கு நண்பர்கள் குறைவு. கலன் நிறைந்துகொண்டே வரும்போது யாராவது ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு அழுத்தி இடம் உண்டாக்க வேண்டியிருக்கும். நிரம்பிய கலன்கள் குப்பையோடு சரக்குக் கலத்தில் ஏற்றப்பட்டு, அது வளிமண்டலத்தில் நுழையும்போது எரிந்துபோகின்றன.

சிக்கல் வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, உட்காருவது. எடை இல்லாததால் உட்கார்ந்த இடத்தில் உடம்பு நிற்காது. கால்விரல்களைக் கம்பிக்கு அடியில் நுழைத்துக்கொண்டு உடம்பை இருக்கையோடு இழுத்து வைக்க வேண்டும். இடைவெளி விட்டால் உறிஞ்சல் போய்விடும். இரண்டாவது, பிரிவது. தரையில் மலம் தன் எடையால் விழுகிறது. அங்கே விழாது, காற்று இழுத்தால்தான் உண்டு. குறி தவறினால் விளைவு மிதந்து வரும். அமெரிக்காவின் பழைய விண்கலமான ஸ்பேஸ் ஷட்டில் காலத்தில் துளையின் அகலம் சுமார் 10 சென்டிமீட்டர்தான். அதற்குச் சரியாக உட்காரப் பழக, தரையில் இருந்த பயிற்சி இருக்கைக்கு அடியில் ஒரு கேமராவே பொருத்தியிருந்தார்கள். பயிற்சி பெறுபவர் எதிரே இருக்கும் திரையைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்வார்.

2020இல் நாசா புதிய வடிவம் ஒன்றை மேலே அனுப்பியது. சுமார் 2 கோடியே 30 லட்சம் டாலர் செலவானது என்பது செய்தியில் பெரிதாக வந்தது. பெண்கள் வசதியாக உட்காரவும், ஒரே நேரத்தில் இரண்டும் கழிக்கவும் தோதாகப் புனலையும் இருக்கையையும் மாற்றியிருந்தார்கள் என்பதுதான் உண்மையில் பெரிய விஷயம். அது அவ்வளவாக வரவில்லை.

கழிவறை கெட்டுப்போனால்?

நிலையத்தில் ஒன்றுக்கு மேல் இருப்பதால் சமாளிக்கலாம். சிறிய கலத்தில் அப்படி இல்லை. 2021 செப்டம்பரில் நான்கு பேர் பயணம் செய்த, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலம் ஒன்றில் சிறுநீர்க் குழாய் ஒட்டு விட்டுப்போய், திரவம் தரைக்கு அடியில் இருந்த காற்றாடிப் பகுதிக்குள் கசிந்தது. நிலையத்தோடு இணைந்திருந்த இன்னொரு டிராகனைத் திறந்து பார்த்தால் அங்கும் அதே கசிவு. அந்தக் கலத்தில் நவம்பரில் திரும்பிய நால்வரும் கிளம்பியதிலிருந்து கடலில் இறங்கும்வரை, சுமார் எட்டரை மணி நேரம், டயப்பரையே நம்ப வேண்டியிருந்தது.

இதற்கும் முன்னால் 1984இல் டிஸ்கவரி ஷட்டிலில் வேறு மாதிரி நடந்தது. கழிவுநீரை வெளியே விடும் துளையின் வாயில் அது உறைந்து பனிக்கட்டியாக வளர்ந்துவிட்டது. திரும்பும்போது உடைந்து கலத்தின் மேல் மோதினால் ஆபத்து என்பதால் ரோபோ கையால் தட்டி எடுத்தார்கள்.

அதற்கு முன்பெல்லாம் என்ன செய்தார்கள்?

1961 மே மாதம் முதல் அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டின் பயணம் கால் மணி நேரம்தான் என்பதால் யாரும் இதை யோசிக்கவே இல்லை. ஏவுதளத்தில் மணிக்கணக்காகத் தாமதமானது. கடைசியில் உடைக்குள்ளேயே போக அனுமதி வாங்கினார்.

நிலவுப் பயணத்துக்கான அப்போலோ கலங்களில் கழிவறை கிடையாது. வாய் ஓரத்தில் பசையுள்ள ஒரு பிளாஸ்டிக் பையைப் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பையின் பக்கத்தில் விரல் நுழைக்க உறை மாதிரி ஒரு மடிப்பு இருக்கும். அதற்குள் விரலைவிட்டு மலத்தை அடிப்பக்கம் தள்ள வேண்டும். பிறகு கிருமிநாசினிப் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு மூடி, கையால் பிசைய வேண்டும். சரியாகக் கலக்காவிட்டால் உள்ளே வாயு உண்டாகிப் பை வெடித்துவிடும். ஒரு முறைக்கு முக்கால் மணி நேரம்வரை ஆகும், தனியறை கிடையாது, மற்ற இருவரும் கைக்கெட்டும் தூரத்தில். 1969 மே மாதம் அப்போலோ 10இல் ஒரு துண்டு மிதந்து வந்ததும், அது யாருடையது என்று மூவரும் வாதாடியதும் அதிகாரப்பூர்வ உரையாடல் பதிவில் வரிக்கு வரி இருக்கின்றன.

முட்டுகிறது என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, பலர் கேட்பதில்லை. தரையில் சிறுநீர்ப்பையின் அடியில் திரவம் தேங்கி அழுத்தும்போது உணர்வு வருகிறது. மேலே திரவம் அடியில் தேங்குவதில்லை; பை கிட்டத்தட்ட நிறைந்து சுவர் விரியும்வரை எதுவும் தெரியாமல் போகலாம். அதனால் உணர்வுக்காகக் காத்திராமல் கடிகாரம் பார்த்துப் போகப் பழக்குகிறார்கள். குமட்டலுக்குப் போடும் சில மருந்துகள் சிறுநீரை இன்னும் அடக்கி வைக்கும். முதல் ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டு, வடிகுழாய் போட வேண்டி வந்தவர்கள் உண்டு. மருத்துவப் பெட்டியில் அந்தக் குழாய் இருப்பது இதற்காகத்தான்.

சிறுநீரைத்தான் குடிக்கிறார்கள் என்பது உண்மையா?

சுத்திகரித்த பிறகு, ஆமாம். அதோடு வியர்வை, மூச்சில் வரும் ஈரம் எல்லாவற்றையும். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, துடைக்க ஏறத்தாழ 3.8 லிட்டர் தண்ணீர் ஆகிறது. அத்தனையையும் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பினால் கட்டுப்படியாகாது.

2008 நவம்பரில் மேலே போன கருவி சிறுநீரைக் காய்ச்சி வடிக்கிறது. காற்றழுத்தத்தைக் குறைத்தால் குறைந்த சூட்டிலேயே ஆவி வரும். ஆவியும் திரவமும் தானாகப் பிரியாதே, அதனால் பாத்திரத்தையே சுழற்றுகிறார்கள். அங்கிருந்து வரும் நீர், அறைக்காற்றிலிருந்து பிடித்த ஈரத்தோடு சேர்ந்து வடிகட்டிகளையும், மிச்சமிருக்கும் கரிமப் பொருளைச் சூட்டில் எரித்துவிடும் ஒரு பகுதியையும் கடக்கிறது. கடைசியில் கிருமி வராமல் இருக்க அயோடின் சேர்த்துச் சேமித்து, குடிக்கும் குழாய்க்கு வருமுன் அதை நீக்கிவிடுகிறார்கள். நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் அயோடினுக்குப் பதில் வெள்ளி.

தரையில் சோதித்தபோது 85 சதவீதம் நீரை மீட்க முடிந்த கருவி, மேலே போய்ச் சில மாதங்களில் அடைத்துக்கொண்டது. திறந்து பார்த்தால் கால்சியம் சல்பேட் படிகம். தரையில் சோதனைக்குத் தந்தது தரையில் வாழ்பவர்களின் சிறுநீர். மேலே இருப்பவர்களின் சிறுநீரில் அவர்கள் எலும்பிலிருந்து கரைந்த கால்சியம் கூடுதலாக வருகிறது. சல்பேட்டோ, பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. ஆக எலும்பு கரைவது குழாயில் போய் நின்றது. மீட்கும் அளவைக் குறைத்துச் சில வருடங்கள் ஓட்டினார்கள். பிறகு கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சேர்த்தபின் 85 சதவீதத்துக்குத் திரும்பியது. மிச்சமாகும் கெட்டியான கழிவிலிருந்தும் வெதுவெதுப்பான காற்றால் ஈரத்தை இழுக்கும் இன்னொரு கருவி வந்ததும், 2023இல் மொத்த நீர் மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டது.

மலத்திலிருந்து நீர் எடுப்பதில்லை.

போனதும் முகம் வீங்குவது ஏன்? உணவு ருசிக்காது என்கிறார்களே?

இரண்டுக்கும் ஒரே காரணம். நிற்கும்போது கால்களில் தங்கும் ரத்தமும் நீரும் எடை போனதும் மார்புக்கும் தலைக்கும் ஏறுகின்றன, சுமார் இரண்டு லிட்டர். முகம் உப்பும், கழுத்து நரம்பு புடைக்கும், கால்கள் குச்சியாகும். மூக்கின் உட்சதையும் வீங்குவதால் சளியே இல்லாமல் மூக்கடைத்தது போல் இருக்கும். வாசனை தெரியாவிட்டால் ருசி எங்கே தெரியும்? காரமான குழம்பு, சாஸ் எல்லாம் மேலே சீக்கிரம் தீர்ந்துபோவது இதனால்தான்.

மார்பிலும் தலையிலும் நீர் கூடிவிட்டது என்று உடம்பு கணக்குப் போட்டு, தாகத்தைக் குறைத்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியைச் சுருக்கிக்கொள்கிறது. அங்கே அது சரியான முடிவுதான். இறங்கும் நாளில்தான் விலை கொடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் வாந்தி வருமா?

பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் ஏதோ ஒரு அளவில் குமட்டல் இருக்கும். உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு எது கீழ் என்று சொல்லாமல் நின்றுவிடுகிறது. கண் ஒன்று சொல்ல, காது ஒன்று சொல்ல, மூளை தடுமாறுகிறது. 1961 ஆகஸ்டில் போன சோவியத் வீரர் கெர்மன் டிடோவ்தான் இதை முதலில் அனுபவித்தவர். போர் விமானம் ஓட்டியவர் என்பதாலோ, கடலில் வாந்தி எடுக்காதவர் என்பதாலோ மேலே வராது என்று சொல்ல முடியாது.

தலையை மெதுவாகத் திருப்புவது, ஒரு திசையைத் ‘தரை’ என்று வைத்துக்கொண்டு அதற்கேற்ப நிற்பது, தலைகீழாகப் பேச வரும் சகாவைத் தவிர்ப்பது ஆகியவை உதவும். முடியாவிட்டால் ஊசி. வாந்திப் பையின் உட்புறத்தில் துணி வைத்துத் தைத்திருக்கும். வாந்தி பையின் அடியில் தங்காமல் மோதித் திரும்பி முகத்துக்கே வரும்; அதைத் துடைக்கத்தான் அந்தத் துணி.

முதல் சில நாளில் விண்நடை, அதாவது விண்வெளி உடையோடு கலத்துக்கு வெளியே போவது, வைக்காததும் இதனால்தான். தலைக்கவசத்துக்குள் வாந்தி எடுத்தால் கையால் துடைக்க வழியில்லை, மூச்சுக்குழல் அடைத்து உயிரே போகலாம். 1969 மார்ச்சில் அப்போலோ 9இல் ரஸ்டி ஷ்வைக்கார்ட்டுக்குக் குமட்டியதால் விண்நடைத் திட்டத்தையே மாற்றிச் சுருக்கினார்கள்.

ரொட்டி ஏன் இல்லை?

தூள். கீழே விழாத தூள் கண்ணிலும் மூக்கிலும் கருவிகளிலும் போய்ச் சேரும். 1965இல் ஜெமினி 3இல் ஜான் யங் ஒரு சாண்ட்விச்சை ஒளித்து எடுத்துப்போய், துகள் பறக்கத் தொடங்கியதும் திரும்பப் பைக்குள் வைத்தார். அமெரிக்க நாடாளுமன்றம்வரை போனது அந்த விவகாரம். 1985இல் மெக்ஸிகோ வீரர் ரொடால்ஃபோ நேரி வேலா சப்பாத்தி மாதிரியான டார்ட்டியா கொண்டுபோனதிலிருந்து அதுவே ரொட்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. உப்பைத் தண்ணீரிலும் மிளகுத்தூளை எண்ணெயிலும் கலந்து சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மற்றபடி உலர்ந்த பொட்டலத்தில் சுடுநீர் ஏற்றி, சில நிமிடம் ஊறவிட்டு, கத்தரியால் வெட்டிக் கரண்டியால் உண்பதுதான். குழைவாக இருந்தால் கரண்டியில் ஒட்டிக்கொண்டு வரும். விழுங்குவதில் சிக்கல் இல்லை. உணவுக்குழலின் தசை தள்ளுவதால் தலைகீழாக இருந்தாலும் உணவு வயிற்றுக்குத்தான் போகும்.

ஏப்பம்?

விடாமல் இருப்பது நல்லது. தரையில் வயிற்றில் காற்று மேலே, உணவு கீழே. அங்கே இரண்டும் நுரைபோலக் கலந்து கிடக்கும். காற்று வெளியே வரும்போது உணவையும் கூட்டிக்கொண்டு வரும். சோடா, கோலா வகைகள் இல்லாததற்கு இதுவே காரணம். 1985இல் இரண்டு கோலா நிறுவனங்கள் போட்டி போட்டு விசேஷக் குப்பிகளை ஷட்டிலில் அனுப்பிப் பார்த்தன. வெதுவெதுப்பாகவும் நுரையாகவும் இருந்தது, யாரும் மீண்டும் கேட்கவில்லை.

கீழ்வழியாகப் போகும் காற்று தடையில்லாமல் போகும். ஆனால் சூடான காற்று எழும்பிக் கலையும் வழக்கம் அங்கே இல்லாததால், காற்றோட்டம் குறைந்த மூலையில் வாடை அப்படியே நிற்கும். ராக்கெட் மாதிரி ஆளைத் தள்ளுமா என்றும் கேட்கிறார்கள். தள்ளாது.

தூக்கம் எப்படி?

ஆளுக்கு ஒரு தொலைபேசிக் கூண்டு அளவு அறை, சுவரில் கட்டிய தூக்கப் பை. படுப்பது, நிற்பது என்ற பேதம் இல்லை. கைகள் தாமாக முன்னால் மிதந்து எழும். பிடிக்காதவர்கள் பைக்குள் செருகிக்கொள்வார்கள். தலையணையில் தலை அழுந்தும் சுகம் வேண்டும் என்பவர்கள் நெற்றியில் பட்டை கட்டிப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்வதும் உண்டு.

அறைக்குள் காற்றாடி ஓடியே ஆக வேண்டும். வெளியே விட்ட மூச்சு சூடாக இருந்தாலும் மேலே போகாது. முகத்தைச் சுற்றிக் கரியமில வாயு தேங்கும், தலைவலியோடு மூச்சுத் திணறி விழிப்பீர்கள். நிலையத்தின் காற்றிலேயே அந்த வாயு தரையைவிடப் பல மடங்கு அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று, நாளுக்கு 16 சூரிய உதயம். அதனால் ஜன்னலைப் பார்க்காமல் கிரீனிச் நேரப்படி நாளை ஓட்டுகிறார்கள். அட்டவணையில் எட்டரை மணி நேரம் தூக்கம் இருக்கும். 2014இல் வெளியான விரிவான ஆய்வில் உண்மையில் தூங்கியது ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான், நாலில் மூன்று பேர் தூக்க மாத்திரை போட்டிருந்தார்கள். கண்ணை மூடினாலும் சில நேரம் வெள்ளைப் பொறி தெறிக்கும். விண்கதிர்த் துகள் கண்ணைத் துளைத்துப் போகும் அடையாளம் அது. அப்போலோ காலத்திலிருந்தே பதிவாகியிருக்கிறது.

குறட்டை?

குறையும். நாக்கும் தொண்டைச் சதையும் பின்னால் சரிந்து மூச்சுவழியை அடைப்பதற்கு எடை வேண்டும்.

குளியல் உண்டா?

இல்லை. 1973-74இல் ஸ்கைலாப் நிலையத்தில் மடக்கி விரிக்கும் குளியல் கூண்டு இருந்தது. தண்ணீர் மூன்று லிட்டருக்கும் குறைவு. ஆனால் குளித்தபின் உடம்பிலும் சுவரிலும் ஒட்டிய ஒவ்வொரு சொட்டையும் உறிஞ்சி எடுப்பதோடு சேர்த்து இரண்டரை மணி நேரம் ஆனது. இப்போது ஈரத்துண்டு, அலச வேண்டாத சோப்பு, அலச வேண்டாத ஷாம்பு. தலையில் கொஞ்சம் வெந்நீர் பிதுக்கினால் தோலோடு பரவி ஒட்டிக்கொள்ளும்; ஷாம்பு தேய்த்துத் துண்டால் துடைத்து, துண்டைக் காற்றோட்டத்தில் உலர விடுவார்கள். அந்த ஈரமும் நாளைய குடிநீர்.

பல் துலக்கியபின் விழுங்கலாம் அல்லது துண்டில் துப்பலாம். துணி துவைப்பது கிடையாது. போட்டு, நாறும்வரை போட்டு, குப்பையில். நகத்தைக் காற்று உறிஞ்சும் சல்லடைக்கு அருகில் வெட்டினால் துண்டுகள் அங்கே போய் ஒட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம். முடிவெட்டும் கருவியோடு தூசி உறிஞ்சி இணைத்திருக்கும்.

பாதத் தோல் உரியும் என்பது நிஜமா?

நிஜம்தான். நடக்காத உள்ளங்காலில் காய்ப்புக்கு வேலையில்லை. சில வாரங்களில் மென்மையாகி உரியத் தொடங்கும். நிலையாக நிற்க எப்போதும் பாதத்தின் மேற்பக்கத்தைக் கம்பியில் மாட்டி வைப்பதால் அங்கே, பெருவிரலுக்கு மேலே, புதிதாகக் காய்த்துப்போகும். காலுறையை அவசரமாக உதறிக் கழற்றினால் செதில்கள் அறை முழுக்கப் பறக்கும். காற்றுச் சல்லடைக்குப் பக்கத்தில் போய், மெதுவாக, உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டிக் கழற்றுவது மேலே எழுதப்படாத சட்டம்.

தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி எதற்கு?

இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் அடர்த்தி இழக்கும், பயிற்சி இல்லாவிட்டால். கெண்டைக்கால், தொடை, முதுகுத் தசைகளும் அப்படியே. ஓடுபொறியில் தோளிலும் இடுப்பிலும் வார் கட்டி, நீளும் கயிறுகளால் கீழே இழுத்துக்கொண்டு ஓட வேண்டும்; வார் தோலை உராயும் என்பது நிரந்தரப் புகார். எடை தூக்கும் கருவியில் இரும்புக்குப் பதில் வெற்றிட உருளைகள், சுமார் 270 கிலோவரை எதிர்ப்புத் தரும். எலும்பைக் காப்பாற்றுவதில் ஓட்டத்தைவிட இதற்கே பங்கு அதிகம். கரையும் கால்சியம் சிறுநீரில் போவதால் சிறுநீரகக் கல் அபாயமும் கூடும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது வெறும் சடங்கில்லை.

வியர்வை வழியாது. முதுகிலும் நெற்றியிலும் தோலோடு ஒட்டிய பாகுபோலத் தடித்துக்கொண்டே போகும். தலையை வேகமாகத் திருப்பினால் ஒரு கட்டி பிய்ந்து எதிரே இருப்பவர்மேல் போய் அமரும். அதனால் துண்டு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

அழ முடியுமா?

கண்ணீர் வரும், கன்னத்தில் இறங்காது. கண்மேல் குமிழாகத் திரண்டு, பெரிதானால் மூக்குப் பாலத்தைத் தாண்டி அடுத்த கண்ணுக்கும் பரவும். அறைக்குள் துடைத்துக்கொள்ளலாம். விண்நடையில்தான் தொல்லை: 2001இல் கிறிஸ் ஹாட்ஃபீல்டின் கண்ணில் கவசக் கண்ணாடி மங்காமல் இருக்கப் பூசும் திரவம் பட்டு, கண்ணீர் அதைக் கழுவி இறக்காமல் இரண்டு கண்ணுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிறிது நேரம் ஒன்றும் தெரியாமல் வெளியே தொங்கினார்.

மாதவிடாய்?

தரையில் வருவது போலவே வரும். ரத்தம் உள்நோக்கிப் போய்விடும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் பயந்தார்கள். கருப்பை சுருங்குவதால்தான் ரத்தம் வெளியேறுகிறது, எடையால் அல்ல. நீண்ட பயணம் போகும் பலர் மாத்திரையாலோ கருப்பைக்குள் வைக்கும் சாதனத்தாலோ அதை நிறுத்திவைக்கிறார்கள். அவரவர் விருப்பம். 1983இல் முதல் அமெரிக்க விண்வெளி வீராங்கனை சாலி ரைடின் ஒரு வாரப் பயணத்துக்கு 100 டாம்பான் போதுமா என்று பொறியாளர்கள் கேட்டது, அந்தக் காலத்தில் இந்தத் துறையில் பெண்களைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது என்பதற்குப் போதுமான சான்று.

விண்நடையில் ஆறேழு மணி நேரம் எப்படித் தாங்குகிறார்கள்?

உள்ளே பெரியவர்களுக்கான டயப்பர். மார்புப் பக்கத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர்ப் பை, வாயருகே உறிஞ்சு குழல். உணவு கிடையாது. காது அடைத்தால் மூக்கை அழுத்திக் காற்றூத, கவசத்துக்குள் ஒரு சிறு பஞ்சுக் கட்டை ஒட்டியிருக்கும். மூக்கு அரித்தாலும் அதில்தான் தேய்த்துக்கொள்கிறார்கள். தும்மல் வந்தால் தலையைக் குனிந்து, கண்ணாடிக்குக் கீழே தும்ம வேண்டும். கையுறையின் அழுத்தத்தில் நகம் கழன்று விழுந்தவர்களும் உண்டு.

2013 ஜூலையில் லூகா பர்மிட்டானோவின் கவசத்துக்குள் குளிரூட்டும் அமைப்பிலிருந்து தண்ணீர் கசிந்து, ஒரு லிட்டருக்கு மேல், தலைக்குப் பின்னாலிருந்து முன்னால் பரவிக் கண்ணையும் மூக்கையும் மூடியது. காற்றையும் நீரையும் பிரிக்கும் பகுதியின் துளைகள் அடைத்திருந்தன. பாதுகாப்புக் கயிற்றைத் தடவிக்கொண்டே கதவுக்குத் திரும்பினார். அதன்பிறகு கவசத்துக்குள் தலைக்குப் பின்னால் உறிஞ்சும் பஞ்சும், உடையின் கீழ்ப்பகுதியிலிருந்து காற்றை இழுக்க ஒரு மூச்சுக் குழலும் வைக்கிறார்கள்.

உயரம் கூடுமா?

சில சென்டிமீட்டர், அதிகபட்சம் மூன்று சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். முதுகெலும்பு வட்டுகள் அழுத்தமின்றி விரிகின்றன, அதோடு முதுகுவலியும். 2018 ஜனவரியில் நோரிஷிகே கனாய் மூன்று வாரத்தில் 9 சென்டிமீட்டர் வளர்ந்ததாக அறிவித்துச் செய்தியானார். அளந்து பார்த்ததில் இரண்டுதான். ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் இருக்கை ஒவ்வொருவர் முதுகுக்கும் வார்த்தது என்பதால், வளர்ச்சிக்கு முன்கூட்டியே இடம் விட்டு வார்க்கிறார்கள்.

பார்வை கெடுமா?

நீண்ட பயணத்தில் கணிசமான பேருக்குக் கிட்டத்தில் உள்ளது மங்கலாகும். கண்விழியின் பின்பக்கம் சற்றுத் தட்டையாகி, பார்வை நரம்பின் முனை வீங்குகிறது. தலைக்கு ஏறிய திரவம்தான் முக்கியச் சந்தேகம். அதனால் கூடுதல் பவரில் கண்ணாடிகளை முன்கூட்டியே தயாரித்து மேலே வைத்திருப்பார்கள். சிலருக்குத் திரும்பியும் முழுதாகச் சரியாவதில்லை.

திரும்பி வந்ததும் ஏன் தூக்கிக்கொண்டு போகிறார்கள்?

எழுந்து நின்றால் மயங்கி விழலாம் என்பதால். குறைந்துபோன ரத்த நீர் மொத்தமும் காலுக்கு இறங்கிவிடும், தலைக்குப் போதாது. இதைச் சமாளிக்க இறங்குவதற்குச் சற்று முன் உப்பு மாத்திரையோடு நிறையத் தண்ணீர் குடிக்கிறார்கள். கால், இடுப்பை இறுக்கும் உடையும் உண்டு. உள்காது மீண்டும் விழித்துக்கொள்வதால் தலையைத் திருப்பினாலே சுழலும், வாந்தியும் வரலாம். கழுத்துக்குத் தலையே பாரமாக இருக்கும், காய்ப்பு போன உள்ளங்கால் தரையில் வைத்தால் எரியும். பேனாவைக் காற்றில் ‘வைத்துவிட்டு’ அது விழுவதைப் பார்த்து விழிப்பது பலருக்கும் நடந்திருக்கிறது.

நடை பெரும்பாலும் சில நாளில் தேறிவிடும். முறையான மறுவாழ்வுப் பயிற்சி ஆறு வாரம் போல நீளும். எலும்புக்கு அது போதாது. ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்து வந்தவர்களில் பலருக்கு ஒரு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு பழைய நிலைக்கு வந்திருக்கவில்லை. முதல் சில நாள் இருட்டில் எழுந்து நடப்பதும், கண்ணை மூடிக்கொண்டு ஷவரில் நிற்பதும் ஆபத்து: காது இன்னும் தேறாத நேரத்தில் உடம்பு கண்ணை வைத்துத்தான் நிற்கிறது. குளியலறையில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளச் சொல்வார்கள்.